மியூசியத்துக்குப் போகிற சட்டை

என் லோரியின் இருக்கைக்கு அடியில், ஜாக்கிக்கும் தார்ப்பாய்க் கயிற்றுக்கும் நடுவில், பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்த நீலச் சட்டை ஒன்று ரொம்ப நாளாக இருந்தது. தானா ராத்தாவில் ஒரு டோபிக் கடையில் கொடுத்துத் தேய்த்து வாங்குவேன். வீட்டில் இஸ்திரிப் பெட்டி இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டில் தேய்த்தால் எதற்கு என்ற கேள்வி வரும். அதற்கு வெளியே சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை.

கேமரன் மலையில், கோலா தெர்லாவில் ஒரு காய்கறி முதலாளியிடம் லோரி ஓட்டுகிறேன். வாராவாரம் கோலாலம்பூருக்குக் கோஸ் ஏற்றிப் போவேன். விடிவதற்குள் மொத்தச் சந்தையில் சரக்கை இறக்கிவிட்டால், காலிக் கூடைகள் கைக்கு வந்து சேர மத்தியானம் தாண்டிவிடும். அதுவரை மற்ற டிரைவர்கள் அட்டை விரித்துத் தூங்குவார்கள், இல்லாவிட்டால் சீட்டாடுவார்கள். எனக்குச் சீட்டும் வராது, பகலில் தூக்கமும் வராது. மலைக்குளிரில் வளர்ந்தவனுக்கு அந்த ஊர் வெயில் வேறு ஆகாது. ஒரு நாள் வெயில் தாங்காமல், வாசலில் இலவசம் என்று எழுதியிருந்த ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தேன். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. முழுக்க முழுக்கப் பழைய காசுகள். அன்று பிடித்தது பைத்தியம்.

பெரிய மியூசியத்துக்கு ஊரே போகும். எனக்குப் பிடித்தது அது இல்லை. ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அதிலேயே பிடிவாதமாக நிற்கிற சின்ன மியூசியங்கள்தான் எனக்குப் பிடிக்கும். காசுக்கு ஒன்று, துணிக்கு ஒன்று, வாத்தியங்களுக்கு ஒன்று என்று அந்த ஊரில் தேடினால் கிடைக்கும். கூட்டம் இருக்காது. ஒரு பழைய பொத்தானைக்கூடக் கண்ணாடிக்குள் வைத்து, அதற்கென்று தனியாக ஒரு விளக்குப் போட்டிருப்பார்கள். ஒரு பொத்தானுக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

எல்லாவற்றிலும் தொலைபேசிகளுக்கான மியூசியம்தான் எனக்கு உயிர். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் எஸ்டேட்டில் ஆபீசில் மட்டும்தான் போன் இருந்தது. துரையும் கணக்கெழுதுகிற கிராணியும் தவிர யாரும் அதைத் தொட்டதில்லை. இங்கே அறை நிறைய போன். அவற்றில் சுவரில் மாட்டிய, கைப்பிடியைச் சுற்றுகிற மாதிரி பழைய போன் ஒன்று. அதன் ஜோடி கூடத்தின் மறுகோடியில் இருந்தது. இங்கே சுற்றினால் அங்கே மணி அடிக்கும், எடுத்துப் பேசலாம். வருகிறவர்கள் தொட்டுப் பார்க்க விட்டிருந்தது அது ஒன்றைத்தான். ஆனால் அதற்கு இரண்டு பேர் வேண்டும். அங்கே காவலுக்கு இருந்த வயதான மலாய்க்காரர் ஒரு தடவை, மறுமுனையில் தான் நிற்பதாகச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். அவரோடு என்ன பேசுவது?

சட்டைக் கதையும் அங்கேதான் தொடங்கியது. முதல் தடவை சந்தையில் போட்டிருந்த துணியோடே போயிருந்தேன். பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒரு சின்னப் பெண் மூக்கைப் பிடித்துக்கொண்டு, என்ன வாடை இது என்று அவளுடைய ஆசிரியையிடம் கேட்டாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், பிறகு நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அழுகின கோஸின் வாடை எப்படி என்று எனக்குத் தெரியும். ஆனால் அது என்மேல் இருப்பது அன்றுதான் தெரிந்தது. கூசிப்போய் வெளியே வந்தேன். அடுத்த வாரம் சந்தைக் கழிப்பறையில் சோப்புப் போட்டுக் குளித்து, நீலச் சட்டையைப் பேண்டுக்குள் சொருகி, பவுடர் பூசிக்கொண்டு போனேன். காவலாளி எழுந்து நின்றார். ஆசிரியரா என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

தலையைத்தானே ஆட்டினோம், வாய் திறந்து பொய் சொல்லவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்கடுத்த மாதம் கேமரனில் பள்ளிக்கூட வேலை என்று வாய் திறந்தே சொன்னேன். அன்றிலிருந்து ஆசிரியர்களை மலாயில் அழைப்பதுபோல அவர் என்னை 'சிகு' என்றார். அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவும்தான் போனேன் என்பதை மறைப்பதில் பயனில்லை.

என் மனைவி தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கும் பகுதியில் வேலை செய்கிறாள். நாங்கள் இருக்கிற லயத்து வரிசை வீடு அவள் வேலைக்காக எஸ்டேட் கொடுத்தது. ஒரு நாள் மழைக்குத் தார்ப்பாய் கட்டக் கயிறு எடுக்கிறேன் என்று லோரியில் ஏறினாள். சட்டை, சீப்பு, பவுடர் டப்பா மூன்றும் அவள் கையில் அகப்பட்டன. இந்த மூன்றையும் ஒன்றாகப் பார்க்கிற எந்தப் பெண்டாட்டிக்கும் மியூசியம் ஞாபகத்துக்கு வராது.

அவள் சத்தம் போடவில்லை. ரிங்லெட்டில் இருக்கும் தன் அண்ணனிடம் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். தேநீரைக் குடித்து முடிக்கும்வரை விலைவாசி பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, யாரு அது?"

"ஒருத்தரும் இல்ல மச்சான்."

"அப்பறம் லோரிக்குள்ள எதுக்குச் சட்ட, பவுடரு?"

பழைய போன் பார்க்கப் போகிறேன் என்பது வாய்வரை வந்தது. அவர் சிரிப்பார். ரிங்லெட் டவுன் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர்கள் பெண் விஷயம் என்று நினைப்பது எனக்கு அதைவிடக் கொஞ்சம் மேலாகத் தோன்றியது. அதனால் "அவசரத்துக்கு ஒரு சட்ட வச்சிருக்கேன்லா" என்றேன். மச்சான் தன் தங்கையைப் பார்த்தார். அவள் அடுப்பங்கரைக் கதவருகே நின்றிருந்தாள்.

"அடுத்த ட்ரிப்புக்கு நானும் வர்றேன்" என்றாள்.

லீவு போட்டாள். எங்கள் மகளை அண்ணன் வீட்டில் விட்டாள். கோஸ் ஏற்றிக்கொண்டு நான் எஸ்டேட் சாலை முனையில் லோரியை நிறுத்தியபோது, கல்யாணங்களுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு, பெரிய பை ஒன்றோடு நின்றிருந்தாள்.

"என்ன பை?"

"ஒங்க துணிமணிதான். அவ யாரோ, அவகிட்ட ஒங்களையும் ஒப்படச்சிட்டு, பையையும் குடுத்துட்டு வந்துர்றேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் பழைய குளிர் ஜாக்கெட் வரைக்கும் அதில் இருந்தது. மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் வழி முழுக்க அவள் பையை மடியிலிருந்து கீழே வைக்கவில்லை. இன்றோடு எனக்கு வீடு போய்விடும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்போதுகூட உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றவில்லை, நேரில் காட்டினால் போதும் என்று வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

சரக்கை இறக்கி முடித்தோம். "சட்டைய மாத்துங்க, எப்பவும் எப்படிப் போவீங்களோ அப்படியே போங்க" என்றாள். மாற்றினேன். பவுடரையும் எடுத்துக் கொடுத்தாள். அதையும் பூசிக்கொண்டேன்.

மியூசிய வாசலில் பலகையை நின்று படித்தாள்.

"இங்கதான் வேல பாக்குறாளா?"

"யாரும் இல்ல. உள்ள போன் இருக்கு. பழைய போனு. அதப் பாக்கத்தான் வருவேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இதைவிட நல்ல பொய் கிடைக்கவில்லையா என்று இருந்தது.

உள்ளே நுழைந்ததும் காவலாளி எழுந்து "ஆ, சிகு" என்றார். என் மனைவி பின்னால் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. அவர் மலாயில், இது சிகுவின் மனைவியா என்று கேட்டு அவளுக்கும் மரியாதையாகத் தலை தாழ்த்தினார். பைகளை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று என் துணிமணிப் பையை வாங்கித் தன் நாற்காலிக்குப் பின்னால் வைத்தார். பிறகு அவளிடம், சிகு எப்போதும் தனியாகவே வருவார், ஒவ்வொன்றின் முன்னாலும் வெகுநேரம் நிற்பார், பாவம் இவருக்கு யாருமே இல்லைபோல என்று நினைத்திருந்தேன் என்றார்.

என் மனைவிக்கு மலாய் என்னைவிட நன்றாக வரும்.

அந்த ஒரு பேச்சில் பெண் விஷயம் ஒழிந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்று அவளைப் பார்த்தேன். அவள் முகத்தில் அப்பாடா இல்லை. பெண் இருக்கிறாள் என்று நினைத்தபோதுகூட அந்த முகம் அப்படி இருந்ததில்லை.

அவள் முன்னால் நடந்தாள். நான் எதையாவது விளக்கிச் சொல்லலாம் என்று பக்கத்தில் போனால் அடுத்த கண்ணாடிக்குப் போய்விடுவாள். ஆனால் எல்லாவற்றையும் பார்த்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வயர்களைச் சொருகிக்கொண்டிருக்கும் பழைய படம் ஒன்று உண்டு. நான் அதைத் தாண்டிப் போய்விடுகிறவன். அவள் அதன் முன்னால் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கீழே எழுதியிருந்ததைக் குனிந்து படித்தாள். ஒரு இடத்தில் தன்னையறியாமல் சிரித்தாள். பிறகு கூடத்தின் மறுகோடிக்குப் போய்விட்டாள்.

என் பக்கத்துச் சுவரில் மணி அடித்தது. நான் அங்கே இருக்கும்போது அந்தப் போன் அடித்ததே இல்லை. காவலாளி சிரித்துக்கொண்டு, எடுங்கள் சிகு என்று கை காட்டினார். எடுத்தேன்.

"ஹலோ, சிகு வீடுங்களா?"

என் மனைவியின் குரல்.

"சிகு இருக்காருங்களா? நான் எஸ்டேட்லேர்ந்து பேசறேன்."

"நான்தான்" என்றேன்.

"அவராவே அப்படிக் கூப்புட்டாரா, நீங்க சொன்னீங்களா?"

"அவருதான் கேட்டாரு. நான் ஆமான்னுட்டேன்."

"லோரி ஓட்டறவங்க இங்க வரக் கூடாதா?"

"வரலாம். யாரும் தடுக்கல."

கூடத்தின் அந்தக் கோடியில் அவள் என் பக்கம் முதுகு காட்டி நின்றிருந்தாள். போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"ஏன் என்னை ஒரு நாளும் கூட்டியாரல?"

"ஒனக்குப் பிடிக்காதுன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

"பிடிக்காதுன்னு இல்ல. என்னப் பக்கத்துல வச்சிக்கிட்டு சிகுன்னு சொல்லிக்க முடியாது. அதான?"

இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும். அந்தச் சொல் வரவில்லை. தூள் சலிக்கிறவர்களின் தலைமுடியில் தேயிலை வாடை எத்தனை தடவை குளித்தாலும் போகாது. நகத்தடியில் ஒரு கறுப்பு நிற்கும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவளையும் இங்கே கூட்டி வரலாமா என்று நான் யோசித்திருக்கிறேன். அப்போது அந்த நகங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அந்த நினைப்பை அப்போதே துடைத்துப் போட்டுவிட்டதாக நம்பியிருந்தேன். என் துணியில் இருந்த கோஸ் வாடைக்கு ஒரு பிள்ளை மூக்கைப் பிடித்ததும் கூசிப்போனவன், என் வீட்டில் சோறு ஆக்கிப் போடுகிறவளின் கையைப் பார்த்து அதையேதான் செய்திருக்கிறேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் காத்திருந்தாள்.

"சரி. நல்லா கேக்குது. வச்சிடறேன்" என்றாள்.

மீதி அறைகளையும் அவள் அவசரமில்லாமல் பார்த்து முடித்தாள். வெளியே வரும்போது காவலாளி பையை எடுத்துக் கொடுத்து, அடுத்த தடவையும் இருவருமாக வாருங்கள் சிகு என்றார். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்த துணிகளை அவள் பழையபடி அலமாரியில் அடுக்கினாள். வீடு போகவில்லை. அண்ணனுக்கு போன் செய்து, அப்படி ஒன்றும் இல்லை, நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன் என்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீலச் சட்டையை மட்டும் உள்ளே வைக்கவில்லை. அதைத் துவைத்து, தன் கையாலேயே தேய்த்து, முன்னறையில் ஆணியில் மாட்டிவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா யாருடைய சட்டை என்று கேட்டபோது, "ஒரு சிகுவோடது" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

மாதம் ஒன்று போனபின், ஒரு சாயங்காலம் துணிந்து கேட்டேன். துணிக்கென்று ஒரு மியூசியம் இருக்கிறது, உனக்குப் பிடிக்கும், வருகிறாயா என்றேன். கையில் இருந்த வேலையை நிறுத்தாமல் பதில் சொன்னாள்.

"வர்றேன்லா. எனக்கு ஆசதான். ஆனா மொதல்ல அந்தப் போன் மியூசியத்துக்குப் போவோம். நீங்க சந்தையில போட்டிருக்கற சட்டையோட வாங்க. நான் ஃபேக்டரிலேர்ந்து வர்ற மாதிரியே வர்றேன். அந்தப் பெரியவருகிட்ட நீங்களே சொல்லுங்க. அப்பறம் ஊர்ல இருக்கற எல்லா மியூசியத்தையும் பாப்போம்."

சரி என்றேன். அவளும் ஒவ்வொரு வாரமும் நான் கிளம்பும்போது வாசலுக்கு வந்து நிற்கிறாள், இந்த வாரம் கூப்பிடுவேனா என்று. நான் அடுத்த வாரம் என்கிறேன். சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு, கூடைகள் வரும் வரைக்கும், கோஸ் வாடையோடு லோரிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன்.