சின்னப்பிள்ளைத் துவக்கு

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. அது பிறவிக் குணம். உலையை வைத்துவிட்டு யன்னலைத் துடைப்பேன், யன்னலைத் துடைத்துக்கொண்டே நகரத்தின் மற்றப் பக்கம் ஹொல்ம்லியாவில் இருக்கும் மகளுக்குப் போன் எடுப்பேன். என் மனிசன் எனக்கு நேரெதிர். இருந்தால் இருந்த இடம், கிடந்தால் கிடந்த இடம். சாரதியாகப் பஸ் ஓடிய காலத்தில் அது நல்ல குணமாக இருந்தது. எந்தப் பனியிலும் பதறாமல் ஓடுவார் என்று டிப்போவில் பெயர் எடுத்தவர். முள்ளந்தண்டில் ஒரு தட்டு விலகி, இனி பஸ் ஓடக்கூடாது என்று டொக்டர் அவரை வீட்டில் இருத்திய பிறகு, அதே குணம் என் உயிரை வாங்கத் தொடங்கியது. காலையில் நான் பாலர் பள்ளிக்கு வேலைக்குப் போகும்போது சோபாவில் கிடப்பார். பின்னேரம் திரும்பி வந்தாலும் அதே சோபா, அதே போர்வை. ரீவிகூடப் போட்டிருக்காது.

முதலில் கத்தினேன். பிறகு பயம் பிடித்தது. நாங்கள் இருக்கும் எல்லிங்ஸ்ருட்டில், எங்கள் மாடிவீடுகளிலேயே இப்படிச் சோபாவோடு ஒட்டிப்போன ஆம்பிளைகளைக் கண்டிருக்கிறேன். முதலில் கதை குறையும், பிறகு சாப்பாடு குறையும், கடைசியில் ஆளே குறைந்துபோவார். என் மனிசனும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தார். நான் என்ன செய்தும் மறிக்க முடியவில்லை.

முதுகுக்கு என்று ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தரையில் குப்புறப் படுத்து, இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி வைத்திருக்கவேண்டும். அவரும் நான் கத்துகிறேனே என்பதற்காக விறாந்தைக் கம்பளத்தில் கிடந்து செய்வார். ஒருநாள் மேல்மாடி நோர்வேக்காரி படிக்கட்டுக் கழுவ எங்கள் முறை வந்துவிட்டது என்று சொல்ல வந்தாள். பென்சன் எடுத்தவள், கதவு நிலைக்குக் குனிகிற உயரம். கம்பளத்தில் கிடந்தவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சுடுகிறவர்கள் இப்படித்தான் படுப்பார்கள். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்து நிலவறைக்கு வாருங்கள்" என்றாள். அங்கே நடக்கும் சுடும் கழகத்தை அவள்தான் பார்க்கிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"துவக்கோ? உங்களுக்கென்ன விசரோ?" என்று நான் தமிழில் தொடங்கினேன். அதற்குள் இவர் தலையைத் திருப்பி, நோர்வேமொழியில், எத்தனை மணிக்கு என்று கேட்டார். மாதக்கணக்காக அந்த மனிசன் வாயிலிருந்து நான் கேட்காத ஒரு கேள்வி. வாயை மூடிக்கொண்டேன்.

சனம் சும்மா விடுமா? கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதே ஒருத்தி தொடங்கிவிட்டாள். "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இப்ப நீங்கள் தேடிப் போய்த் துவக்குப் பிடிக்கிறியளோ?"

"அது ஆளைப் பார்த்துச் சுடுற துவக்கு. இது கடதாசியைப் பார்த்துச் சுடுறது. நீங்கள் உங்கடை சாம்பாரைப் பாருங்கோ" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேனே தவிர, இரண்டு பேருமாகப் போன முதல் செவ்வாய், முதல் வெடிச் சத்தத்துக்கே நான் சுவரோடு ஒட்டி நின்றது உண்மை. இவரும் கண்ணை மூடினார். இரண்டாம் கிழமை அது வெறும் சத்தமாகிவிட்டது.

அந்த நிலவறையில் முதலில் பிள்ளைகள் சுடுவார்கள், பிறகு பெரியவர்கள். பாய் விரித்துக் குப்புறக் கிடந்து, எதிர்ச் சுவரில் உள்ள கடதாசி வட்டத்தைக் குறிபார்க்கவேண்டும். குண்டு ஒரு புளியங்கொட்டை அளவுகூட இராது. மேல்மாடிக்காரி ஒரு துவக்கைத் தூக்கி, தோளில் அணைக்கிற அதன் சோங்கை என் முழங்கை மடிப்புக்குள் வைத்துப் பார்த்தாள். விரல் விசைக்கு எட்டவேண்டும், அதுதான் அளவு. என் விரல் அந்தரத்தில் நின்றது. உடனே பிள்ளைகளின் துவக்கு ஒன்றைக் கொண்டுவந்தாள். சுடுகிறது அதே குண்டுதான், சோங்கு மட்டும் குட்டை. அதில் எந்தப் பிள்ளையோ ஒற்றைக்கொம்புக் குதிரைப் படம் ஒன்றை ஒட்டிவிட்டிருந்தது. எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. என் பனிச்சப்பாத்தே ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் சின்னப்பிள்ளைகள் பகுதியில் வாங்கியதுதான். குளிர்ச்சட்டை பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் அளவு. நல்ல சூடு.

இவர் என்னைவிட நாலு விரல்தான் உயரம். அவருக்கும் அதே மாதிரி ஒன்றை நீட்டினாள். அதில் பச்சை டைனோசர் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அது சின்னப்பிள்ளையளின்ரை" என்று என்னிடம் முணுமுணுத்தார். அவளிடம், "பெரியது தாருங்கள்" என்றார்.

பெரியது அவரைப் படுத்திய பாடு! சோங்கு தோளுக்குள் அடங்காமல் புயத்தில் போய் நின்றது. குறிபார்க்கும் துளைக்குக் கிட்டக் கண்ணைக் கொண்டுபோக, கூவப்போகும் சேவல் மாதிரிக் கழுத்தை நீட்டினார். முன்கை நீண்டு நடுங்கியது. கடதாசியில் ஓட்டைகள் நாலா பக்கமும் சிதறின, சில கடதாசியிலேயே விழவில்லை. லைட் சரியில்லை என்றார். பாய் வழுக்குது என்றார். கண்ணாடி பழசு என்றார். ஆடமாட்டாதவள் அரங்கு கோணல் என்றாளாம். பக்கத்துப் பாயில் ஒரு நிமிசம் சும்மா கிடக்காமல் காலை ஆட்டிக்கொண்டு கிடந்த என் குண்டுகள்கூட வட்டத்துக்குள் விழுந்தன. அது அவரை இன்னும் எரித்தது.

சில கிழமையில், "இது எனக்குச் சரிவராது. இனி நான் வரேல்லை" என்றுவிட்டார். போர்வை மடிப்புக் குலைந்தது. திரும்பவும் சோபா.

இந்த இடத்தில் காற்சட்டை விசயத்தைச் சொல்லவேண்டும். இந்த நாட்டுக் கடைகளில் உள்ள மிகக் கட்டையான காற்சட்டையும் இவருக்குத் தரையைக் கூட்டும். கலியாணம் கட்டிய முதல் மாரியிலேயே அதைப் பார்த்தேன். கீழே மடித்து மடித்து, ஈரத்தில் ஊறவைத்துக்கொண்டு திரிந்தார். அன்றிலிருந்து புதுக் காற்சட்டை வாங்கினால், அவர் காண முன்னரே வெட்டி மடித்துத் தைத்து, அயர்ன் பண்ணிக் கொழுவிவிடுவேன். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. "இந்த நாட்டுக் காற்சட்டை எனக்கு அளவெடுத்த மாதிரி" என்று ஆட்களுக்குச் சொல்லுவார். நான் சிரிக்காமல் தேத்தண்ணி ஊற்றுவேன். மகள்தான் சில நேரம், "அப்பா, வீட்டுக்குள்ளை வெள்ளமே? சொக்ஸ் எல்லாம் தெரியுது" என்று பகிடி பண்ணுவாள். தோய்த்துச் சுருங்கிப்போச்சு என்று சமாளிப்பேன்.

ஆகவே எனக்கு வழி தெரிந்திருந்தது. மேல்மாடிக்குப் போய்க் கேட்டேன். பெரிய துவக்கின் சோங்கு முனையில் தகடுகள் சில அடுக்கி, நீளத் திருகாணிகளால் முறுக்கியிருக்கும் என்றாள். ஒன்றைக் கழற்றினால் துவக்கு அவ்வளவுக்குக் குட்டையாகும்.

"அவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்" என்றாள்.

"சொன்னால் வரமாட்டார்."

"அவர் கேட்டால் நான் பொய் சொல்லமாட்டேன்."

"அவர் கேட்கமாட்டார்" என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எனக்குத் துணையாக ஒருக்கா வாருங்கோ என்று கெஞ்சி, கத்தி, கடைசியில் சாப்பிடாமல் இருந்து அவரைத் திரும்பக் கூட்டிப்போனேன். செவ்வாய்க்கிழமைகளில் நான் முன்னதாகவே போய்விடுவேன். அவள் துவக்கை எடுத்து, உள்ளே குண்டில்லை என்று பார்த்துத் தருவாள். துண்டு துண்டாக வாங்கி வீட்டில் பொருத்துகிற அலுமாரிப் பெட்டிக்குள் வருமே, வளைந்த கம்பி, அப்படி ஒன்றால் ஆணியைத் திருகித் தகடு ஒன்றை எடுப்பேன். கிழமைக்கு ஒன்று.

கழுத்து உள்ளே வந்தது. கன்னம் மரத்தில் அமர்ந்தது. ஓட்டைகள் ஒன்றையொன்று தேடி வந்தன. அந்த மனிசனின் அசையாத குணத்துக்கு அப்போதுதான் ஒரு வேலை கிடைத்தது. மூச்சை விட்டு, நிறுத்தி, விரலை மட்டும் அசைப்பார். நான் என் குதிரைத் துவக்கைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு கிடப்பேன். சோபாவில் அசையாமல் கிடந்தவரைப் பார்த்துப் பயந்தேன், இங்கே அதே ஆளைப் பார்க்க நெஞ்சு குளிர்ந்தது. நல்ல கடதாசிகளைப் பிறிட்ஜில் ஒட்டினார். படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். ஒருநாள் தானாகவே டிப்போவுக்குப் போன் எடுத்து, அலுவலகத்தில் இருந்து செய்கிற வேலை ஏதும் உண்டோ என்று கேட்டார். நான் குசினிக்குள் நின்று வெங்காயம் உரிக்காமலே அழுதேன்.

எனக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. இருந்த கடைசித் தகட்டையும் எடுத்துவிட்டேன். அன்றைக்குச் சுட்டு முடிய, "மூக்கு பெருவிரலிலை இடிக்குது" என்றார். நான் அதைக் காதில் போடவில்லை.

அன்று இரண்டு துவக்கையும் அலுமாரிக்கு அவர்தான் கொண்டுபோனார். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். என் குதிரைத் துவக்கின் விசையும் அவருடைய பெரிய துவக்கின் விசையும் நிலத்திலிருந்து ஒரே உயரத்தில் நின்றன. குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சோங்கைத் திருப்பி, ஆணித் தலையை விரலால் தடவினார். நான் காது மூடிகளை அடுக்கினேன். அடுக்கியதையே திரும்ப அடுக்கினேன்.

வீட்டுக்கு நடந்துதான் வருவோம். பாதி வழியில் நின்றார்.

"காற்சட்டையும் இப்பிடித்தானோ?"

"ஓம்" என்றேன்.

"எப்ப தொடக்கம்?"

"கலியாணம் கட்டின மாரியிலை இருந்து."

"என்னை ஒருக்கால் கேட்டிருக்கலாம்தானே."

"கேட்டா விட்டிருப்பியளோ? அந்த டைனோசரைக் கண்டு கையைப் பின்னாலை கட்டின ஆள்தானே நீங்கள்!" எனக்குக் கோபம் வந்தது. நியாயம் குறைகிற இடத்தில் எனக்குக் கோபம் கூடித்தான் வரும்.

"விட்டிருப்பனோ தெரியாது" என்றார். "கேட்டிருக்கலாம்."

அடுத்த செவ்வாய் சோபா. அதற்கடுத்த செவ்வாயும் சோபா. டிப்போவிலிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை. நான் அவரோடு கோபம், மேல்மாடிக்காரியோடு கோபம், தையல் மெசினோடும் கோபம். மன்னிப்புக் கேட்க நினைத்துக் கிட்டப் போனால் வாயில் வேறு ஏதாவது ஏச்சுத்தான் வந்தது. இப்படியே இந்த மனிசனை நான்தான் முடித்துவிட்டேன் என்று வேலையிடத்திலும் அதே நினைப்பு. சின்னப்பிள்ளைகளுக்கு இடக்கையுறையை வலக்கையில் போட்டுவிட்டேன்.

பிறகு வந்த செவ்வாய், வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் சோபா வெறுமை. போர்வை நாலாக மடித்து வைத்திருந்தது. மடித்த போர்வையைக் கண்டதும் எனக்கு உயிரே போய்விட்டது. அவருக்குப் போன் எடுத்தேன், அவருடைய போன் குசினி மேசையில் கிடந்து அடித்தது. "ஐயோ கோதாரி" என்று சப்பாத்துக் கயிறும் கட்டாமல் ஓடினேன். ஐஸில் வழுக்கி, வேலியைப் பிடித்து எழும்பி, எங்கே ஓடுகிறேன் என்று யோசிக்க முன்னரே பள்ளிக்கூடத்துப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். மேல்மாடிக்காரி கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். கரைப் பாயில் இவர் கிடந்தார். கையில் டைனோசர்த் துவக்கு. அந்த வளைந்த கம்பியால் சோங்கில் எதையோ முறுக்கி முடித்து, முழங்கை மடிப்பில் வைத்து, விரலை விசைக்கு நீட்டிப் பார்த்தார். சரியாக எட்டியது.

"நீர் கனக்கக் குறைச்சுப்போட்டீர்" என்றார், திரும்பாமல்.

"என்ன?"

"மூக்கு இடிக்குது எண்டு சொன்னனான், நீர் கேட்கேல்லை. இதிலை ஒரு தகடு கூட்டிப் போட்டிருக்கிறன். நான் அவ்வளவு கட்டை இல்லை."

அவருடைய கால்மாட்டில் நின்றேன். குப்புறக் கிடந்தவரின் காற்சட்டைக்குக் கீழே இரண்டு சொக்ஸும் முழுதாகத் தெரிந்தன. அதற்கு மேலே வெறுங்கால் ஒரு சாண் தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது.

"அங்கை நிண்டு என்ன பார்க்கிறீர்?" என்றார். "உம்மடை குதிரை இஞ்சை கிடக்கு. வந்து பக்கத்திலை படும்."