நாங்கள் தின்னாத பன்றி

அக்காவின் கையில் தோலுக்கடியில் அரிசிமணி அளவில் கட்டிகள் உருண்டன. வலிக்காததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில், அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்த வாரம், வலிப்பு வந்து விழுந்தாள். அப்போதுதான் எல்லோருக்கும் கதிகலங்கியது. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் நிக்காஹ் நின்றுவிடும்.

பேகம்பூரில் அத்தாவுக்குத் தோல் வியாபாரம். அக்காவையும் துணைக்கு என்னையும் குதிரை வண்டியில் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் ஒரு கட்டியை அறுத்தெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். வலிப்புக்குக் கொடுத்த மாத்திரை நன்றாகவே கேட்டது. அக்கா விழவே இல்லை. அடுத்த முறை போனபோது, "இது பன்னிப் புழுங்க. மூளைக்கும் போயிருக்கும், அதான் வலிப்பு" என்றார்.

அத்தா எழுந்துவிட்டார். "நாங்க முஸ்லிம். அந்தப் பேரையே வீட்டுல எடுக்க மாட்டோம். எம் மகளப் பாத்து இம்புட்டுப் பெரிய வார்த்தை சொல்றீகளா?"

டாக்டர் வாசல்வரை பின்னாலேயே வந்தார். "தின்னதா நான் சொல்லலைங்க. பன்னிக்கறி தின்ன யாரோ ஒருத்தர் வயித்துல புழு இருந்தா, அவர் மலத்துல முட்டை வரும். அது கலந்த சாக்கடை பாயுற கீரையப் பச்சையாத் தின்னா யாருக்கும் வரும். மாத்திரைய மட்டும் நிப்பாட்டிறாதீங்க."

அத்தா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாத்திரைப் பொட்டலத்தை வழியிலேயே வீசினார்.

அம்மாவின் சுத்தம் தெருவுக்கே தெரியும். கறியைத் தண்ணீர் தெளியும்வரை அலசுவார். ஆனால் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் பச்சைத் துவையலுக்கு, ஊர்ச் சாக்கடை பாயும் தோட்டத்துப் புதினாவையும் மல்லியையும் ஒரு முக்கு முக்கி உதறுவதோடு சரி. கறியில்தானே ஹராம், ஹலால் எல்லாம்! டாக்டர் சொன்னதை நான் அம்மாவிடம் சொன்னேன்.

"வாய மூடு புள்ள. வெளிய தெரிஞ்சா உங்கக்காள எவன் கட்டுவான்?"

வலிப்பு திரும்பி வந்தது. தர்காவில் கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். அக்கா என்னிடம், "அந்த மாத்திரையில நல்லாத்தான இருந்தேன்? அத்தாட்ட கேட்டுப் பாரேன்" என்றாள். கேட்டேன். கன்னத்தில் அறை விழுந்தது. நிக்காஹுக்கு முன்பே ஒருநாள், தண்ணீர் இறைக்கையில் வலிப்பு வந்து கிணற்றுக்குள் விழுந்து செத்தாள்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். "கால் வழுக்கிருச்சு" என்றார் அத்தா. எல்லோர் தட்டிலும் அம்மா பச்சைத் துவையல் வைத்தார். எனக்கும் வைத்தார். நான் தட்டோடு எழுந்து போய்ச் சாக்கடையில் கொட்டினேன். அன்றைக்கு என்னை யாரும் அடிக்கவில்லை.