விக்கியில் நான் எழுதிய படகோட்டி

'படகில் நால்வர்' என்று எழுதினேன். அடுத்த நாள் பார்த்தால் 'ஐவர்' என்று இருந்தது. நான் திரும்பவும் நால்வர் ஆக்கினேன். அது திரும்பவும் ஐவர் ஆனது. ஒரு கிழமையாக இதே கூத்து.

மன்னார் பட்டினத்தில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்கிறேன். கடையில் கழித்துவிட்ட மடிக்கணினி ஒன்று என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரங்களில் அதைத் திறந்துவைத்துக்கொண்டு, என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணாவோடும் அவனுடைய மூன்று கூட்டாளிகளோடும் விளையாடுவேன். எனக்குப் பின்னேரம், வெளிநாட்டில் இருக்கும் அவர்களுக்கு விடிகாலை தாண்டிய நேரம். மேசையைச் சுற்றி இருந்து பகடை உருட்டி விளையாடும் கதை விளையாட்டுத்தான். ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு திரைக்கு முன்னால் இருந்தபடி விளையாடுகிறோம். அண்ணா கதை சொல்லுவான். மற்ற நாங்கள் நாலு பேரும் கதைக்குள் ஆளாளுக்கு ஒரு வேடம். தீவு தீவாகப் போகும் கதை அது. எங்களைக் கொண்டுபோக ஒரு கிழட்டுப் படகோட்டி. அவனுக்கு வேடம் கட்ட ஆள் இல்லாததால் அண்ணாவே அவனுக்கும் குரல் கொடுத்தான்.

கதை வளர வளர, எந்தத் தீவில் என்ன நடந்தது என்று ஒருவருக்கும் நினைவில் நிற்கவில்லை. அதனால் ஒரு விக்கி தொடங்கினோம். எங்களில் யாரும் எதையும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஆனால் விளையாட்டின் ஒலிப்பதிவில் இருப்பதை மட்டும்தான் எழுதவேண்டும் என்று ஒரு விதி. பக்கங்களில் பாதிக்குமேல் நான் எழுதியவை. மற்றவர்களுக்கு விளையாடத்தான் ஆசை, எழுதச் சொன்னால் ஆளுக்கொரு சாட்டு.

படகோட்டிக்கு முதலில் ஒரு வரிதான் இருந்தது. 'வயதானவர், அதிகம் பேசமாட்டார்.' ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். எழுதத் தொடங்கினால் கை நிற்கவில்லை. பிளந்துபோன இடது பெருவிரல் நகம். ஏறுமுன் கடலைத் தொட்டு, படகின் முன்முனையான அணியத்தில் தண்ணீரைப் பூசுகிற பழக்கம். கச்சான் காற்று அடித்தால் வானத்தைப் பார்த்து ஏசுகிற ஏச்சு. எல்லாவற்றையும்விட, அந்த எண்ணிக்கை. படகைத் தள்ளுமுன் ஆட்களை எண்ணுவார், கரைக்கு வந்ததும் எண்ணுவார், தன்னை மட்டும் எண்ணமாட்டார். ஏன் என்று கேட்டால், "நான் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கவேண்டிய ஆக்களைத்தான் எண்ணுறன்" என்பார்.

அது எங்கள் அப்பா. ஊரில் வேறு ஒருவரும் அப்படி எண்ணி நான் காணவில்லை. அப்பா சாகும்போது அண்ணாவின் அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. அவனால் வரமுடியவில்லை. பெட்டி மூடுவதைக் கைபேசியில் பார்த்தான்.

அந்தப் பக்கத்தைப் பற்றி அண்ணா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை படகோட்டி வாயைத் திறந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "பிள்ளையள், ஏறுங்கோவன், என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" அப்படியே அப்பாவின் குரல், அப்பாவின் இழுவை. பிறகு எண்ணினான். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. நாலோடு நிறுத்தினான். நான் மைக்கை மூடிவிட்டு அழுதேன். மற்றவர்களுக்கும் படகோட்டியில் ஒரு பிரியம் வந்துவிட்டது. எந்தத் தீவுக்குப் போவது என்றாலும் முதலில் அவரிடம் கேட்பார்கள். மாதக்கணக்காக எனக்கு அந்தச் சனிக்கிழமைகள்தான் உயிர். அண்ணாவும் நானும் பேசிக்கொள்ளாமலே அப்பாவை வைத்துப் பார்க்கிறோம் என்று நினைத்திருந்தேன்.

பிறகுதான் வந்தது இந்தக் கோதாரி ஐவர். கூட்டாளிகளில் ஒருவர் கணக்கில் சுத்தம் பார்க்கிறவர். விக்கியில் திருத்தங்களைப் பற்றி வாதாடுகிற பேச்சுப் பக்கத்தில் எழுதினார்: 'புயல் பயணத்தில் படகில் இருந்தது விளையாடும் நால்வரும் படகோட்டியும். ஆகவே ஐவர். எல்லாப் பயணங்களிலும் இந்தப் பிழை இருக்கிறது. படகோட்டி தன்னை எண்ணமாட்டார் என்பதற்கு ஒலிப்பதிவில் ஆதாரம் இல்லை.' அவர் சொன்னது விதிப்படி சரி. நாலு என்று எண்ணியது பதிவில் இருந்தது, ஏன் நாலு என்பது இருக்கவில்லை. நான் விடவில்லை. ஊரில் சண்டைக்குப் போகிறவள்போலச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு திருத்தினேன். கடைசியில் அண்ணா தீர்ப்பு எழுதினான்: 'ஐவர் என்பதே சரி. எண்ணும் பழக்கம் பற்றிய பந்தியை நீக்கலாம்.'

வாசித்ததும் எனக்கு உச்சியில் ஏறியது. உடனே தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணா, அப்பா தன்னை எண்ணுறேல்லை எண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

"பிறகென்ன விசருக்கு நீக்கச் சொன்னனீ?"

"அவன் ஆதாரம் கேக்கிறான். நான் என்னெண்டு சொல்லுறது?"

"ஆறு வருசம் அந்தப் படகில போனனீ. நீதான் ஆதாரம். வாயைத் திறந்து சொல்லன்!"

 

"அவங்களுக்குத் தெரியாது," என்றான்.

"என்ன தெரியாது?"

"அப்பா கடலுக்குப் போனவர் எண்டு. வந்த புதுசில ஆரோ கேட்டாங்கள். வெக்கத்தில, கந்தோரில வேலை செய்தவர் எண்டு சொல்லிப்போட்டன். பிறகு மாத்த ஏலாமப் போச்சு."

கண்டறியாத கந்தோர்! அப்பா ஒரு அலுவலகப் படி ஏறியது மீன்பிடி அனுமதி புதுப்பிக்கத்தான். அந்தக் கடலில் பிடித்த மீனில்தான் இவன் படித்தான், இவனை அனுப்பிவைக்கப் படகையே விற்றார். நான் என்னென்னவோ ஏசினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, நீ உன்ர விருப்பத்துக்கு எழுது" என்று வைத்துவிட்டான்.

எழுதினேன். புதன்கிழமை கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சுப் பக்கத்தில் எழுதினேன்: 'இந்தப் படகோட்டி எங்கள் அப்பா. அவர் தன்னை எண்ணமாட்டார். சந்தேகம் என்றால் அவரோடு கடலுக்குப் போன என் அண்ணாவிடம் கேளுங்கள்.'  அண்ணா அழித்துவிடுவான் என்று நினைத்தேன். வியாழன், வெள்ளி, இரண்டு நாளும் அழிக்கவில்லை. மடச்சி, எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை எல்லாரும் வந்து சேர்ந்ததும் அந்தக் கூட்டாளியே தொடங்கினார். குரலில் ஒரு கூச்சம் இருந்தது.

"மச்சான், தங்கச்சி எழுதினதை வாசிச்சனான். உண்மையோ? அப்பிடியெண்டால் நான் மன்னிப்புக் கேக்கவேணும். தெரியாமல் செய்துபோட்டன்."

அண்ணா சிரித்தான். "சீச்சீ, அவள் கதைக்குச் சோடிச்சு எழுதினவள். எங்கட அப்பா கந்தோர் மனிசன்தானே, உனக்குத் தெரியும்."

"அப்பிடியோ தங்கச்சி?"

இப்போது கேள்வி என்னிடம் வந்துவிட்டது. காதில் மாட்டியிருந்த கருவியில் அண்ணாவின் மூச்சு கேட்டது. வேகமாக, சின்ன வயதில் அடிவிழப் போகிறதென்று கதவுக்குப் பின்னால் நிற்கும்போது விடுகிற மூச்சு. ஓம், எங்கள் அப்பாதான் என்று சொல்ல ஒரு நொடி போதும். கேட்ட மனிதர் மன்னிப்புக் கேட்கக் காத்திருந்தார். அவர் சிரித்திருக்கமாட்டார். ஒருவரும் சிரித்திருக்கமாட்டார்கள்.

"ஓம் அண்ணை," என்றேன். "சும்மா எழுதினது."

"அட, நல்லா எழுதுறீங்கள். நான் நம்பியே போட்டன். அப்ப பதிவில உள்ளபடி விடுவம், என்ன?"

"ஓம்."

திரையின் ஓரத்தில் அண்ணாவிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. 'தாங்ஸ்டி.' அதை மூடினேன். விக்கியைத் திறந்து, எண்ணிக்கை பற்றிய பந்தியை என் கையாலேயே அழித்தேன். பயணம் பயணமாகப் போய் நால்வரை ஐவர் ஆக்கினேன். பக்க வரலாற்றில் கடைசித் திருத்தம் இப்போதும் என் பெயரில்தான் இருக்கிறது.