நஞ்சுண்டனுக்கு வந்த மூக்கு

சிகரெட்டை விட்டால் ஆயுள் கூடும் என்றார்கள். நஞ்சுண்டனுக்குக் கூடியது என்னவோ மூக்குதான். சொந்த ஊர் கோபியில் கல்லூரி நாளில் பிடித்த பழக்கத்தை, டெக்சாஸில் மகள் வெண்பா பிறந்ததும் ஒரேயடியாகத் தலைமுழுகினார். சில மாதத்திலேயே தொல்லை ஆரம்பித்தது. ஆபீஸ் லிஃப்ட்டில் யாரோ பூசிய சென்ட் மண்டையைப் பிளந்தது. கூடவே காரில் வரும் திருமூர்த்தி ஒரு தம் அடித்துவிட்டு ஏறினால் குமட்டியது. கேஸ் வாடை வருகிறதென்று அபார்ட்மென்ட்டுக்கு இரண்டு முறை ஃபயர் இன்ஜினை வரவழைத்தார். இரண்டு முறையும் ஒன்றுமில்லை.

"நீங்க சிகரெட்டுப் பிடிச்சப்பவே தேவலைங்க," என்றாள் மனைவி சாந்தாமணி. அது சுருக்கென்று தைத்தது. இனி எது நாறினாலும் வாயைத் திறப்பதில்லை என்று இருந்துவிட்டார்.

தொண்ணூற்றெட்டில் டெக்சாஸிலேயே பேர்லேண்டில் புது வீடு, கிரகப்பிரவேசம். ஹோமப் புகைக்கு அலறுமே என்று ஸ்மோக் டிடெக்டர்களையெல்லாம் கழற்றிச் சமையலறை டிராயரில் போட்டார்கள். புகை தாங்காமல் அவர் கண்ணீர் வடித்ததைப் பக்தி என்று விருந்துக்கு வந்த சாரதா ஆன்ட்டி மெச்சினாள்.

சாயங்காலம் விருந்தாளிகள் போனபின் ஒரு வாடை. அட்டை கருகுகிற வாடை. ஹோமம் நடந்த வீட்டில் புகை வாடை வராமல் மல்லிகை வாடையா வரும் என்று தன்னையே அதட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். மாடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். மறுபடியும் ஊரைக் கூட்டிப் பேச்சு வாங்க அவருக்குத் தெம்பில்லை. ஆனால் வாடை விடவில்லை.

"சாந்தா, ஹோமச் சாம்பல எங்க போட்ட?"

"கராஜ்லதாங்க. ஹோமத் தீயில தண்ணி ஊத்தக் கூடாதல்லங்க? அப்படியே அட்டைப் பெட்டில கொட்டி வெச்சிருக்கறன். காலைல செடிக்குப் போட்டுக்கலாம்."

ஓடினார். பெட்டி அடியோடு கனன்று, பக்கத்தில் சாய்த்திருந்த பழைய மெத்தையில் பற்றியிருந்தது. நேர் மேலே வெண்பாவின் அறை. "புள்ளையத் தூக்கிட்டு வெளிய போ!" என்று கத்திக்கொண்டே தோட்டத்துக் குழாயை இழுத்து, ஹோமத் தீயென்றும் பாராமல் அடித்து அணைத்தார். கொஞ்சம் முன்னாலேயே எழுந்திருக்கலாமே என்று நொந்துகொண்டார்.

வாசலில் சாந்தாமணி குழந்தையை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க, வேற எங்கயாச்சும் வாடை வருதுங்களா? நல்லா மோந்து பாருங்க. நீங்க சொன்னா நம்பறனுங்க."

நஞ்சுண்டன் மூச்சை இழுத்துப் பார்த்தார். கையில் புகை, முடியில் புகை, தொண்டை வரைக்கும் புகை.

"தெரியலையே சாந்தா," என்றார்.