லிஃப்ட் அண்ணன் பேசாத மூன்று நாள்

ஐந்து மாடியையும் படியேறித்தான் போவார். தோளில் கருவிப் பை, மாடிக்கு ஒரு பெருமூச்சு. "ஏண்ணே, லிஃப்ட் ரிப்பேர் பண்ற நீங்களே படியில வர்றீங்க?" என்று யாராவது கேட்டால் போதும். "என் வாயைக் கிளறாதீங்க" என்பார். பேச்சு தொடங்கிவிட்டது என்று பொருள். "உள்ள நின்னா அதோட நோவு தெரியாதுங்க. வெளிய நின்னு சத்தத்தைக் கேட்கணும்."

எங்கள் கட்டடத்தில் அவருக்கு லிஃப்ட் அண்ணன் என்றுதான் பெயர். கதவிடுக்கில் காலை நீட்டுகிறவர்கள், பொத்தானை ஓயாமல் அமுக்குகிறவர்கள், சோபாவைத் திணிக்கிறவர்கள் எல்லோரோடும் அவருக்குத் தீராத வழக்கு. "பத்து தடவை அமுக்கினா அது என்ன, பயந்து ஓடி வருமா?" நின்றபடி பேசினால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். காவலாளியின் மடக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாலோ, யானை வந்து இழுத்தாலும் எழுந்திருக்க மாட்டார்.

அந்த வாயால்தான் இரண்டு கட்டடங்களில் வேலை போனது. மிச்சம் எங்களுடையது மட்டும். அதனால் அவர் மனைவி தினமும் பதினொரு மணிக்குப் போன் செய்வார். "யாருகிட்டயாவது பேசினீங்களா?" என்று கேட்பது பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும்.

"வேலையைப் பத்தி மட்டும்தாம்மா."

"அதைத்தானே பேசாதீங்கன்னேன்."

செவ்வாய்க்கிழமைகளில் மொட்டைமாடி இயந்திர அறையில், லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிறுகளை ஒரு பருத்தித் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, லிஃப்டை மெல்ல நகர்த்துவார். கயிற்றில் ஒரு கம்பி அறுந்திருந்தாலும் துணி மாட்டிக் கிழியும். "கண்ணு ஏமாறும், துணி ஏமாறாது." வேலை முடிந்ததும் துணியை அலசிப் படிக்கட்டுக் கைப்பிடியில் காயப்போடுவார்.

சென்ற செவ்வாய்க்கிழமை கைப்பிடியில் துணி இல்லை. படியில் என்னைக் கடந்து இறங்கியபோது அதை மடித்துச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டிருந்தார். நீளமாக நான்கு கிழிசல்கள். "என்னண்ணே, கிழிஞ்சிருக்கு?" என்றேன்.

"பழைய துணி."

வாயைக் கிளறாதே என்றுகூடச் சொல்லவில்லை.

காவலாளிதான் பிறகு சொன்னார். கயிற்றை மாற்ற வேண்டும் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் அண்ணன் அன்றே சொல்லியிருக்கிறார். "வருஷக் கடைசியில பாத்துக்கலாம். வெள்ளிக்கிழமை சோதனைப் புத்தகத்துல எல்லாம் சரின்னு கையெழுத்துப் போடுங்க. உங்களால முடியலன்னா போடறதுக்கு ஆளா இல்ல?" என்றாராம் செயலாளர்.

அதற்குப் பிறகு அண்ணன் வந்தார், போனார், பேசவில்லை. மற்றவர்கள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். "அண்ணன் திட்டலைன்னா லிஃப்ட் ஜம்முன்னு இருக்குன்னு அர்த்தம்" என்று மூன்றாம் மாடிக்காரர் ஒரு சோபாவையே ஏற்றிவிட்டார். அண்ணன் மூடிய கதவைப் பார்த்தபடி நின்றார். மேலே போய் நிற்கும் சத்தம் கேட்ட பிறகுதான் மூச்சு விட்டார். நானும்தான். அன்று மாலை அம்மாவைப் படியில் ஏறச் சொன்னேன். "என் முழங்காலைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அம்மா பொத்தானை அமுக்கினார்.

வெள்ளிக்கிழமை செயலாளர் புத்தகத்தோடும் பேனாவோடும் கீழே வந்தார். லிஃப்ட் தரைத்தளத்தில் திறந்து நின்றது. ஐந்தாம் மாடி டீச்சர், மருத்துவமனையிலிருந்து திரும்பியவர், சக்கர நாற்காலியில் அதன் முன்னால் இருந்தார்.

"என்னப்பா, மூணு நாளா நாக்கை வீட்டுலயே வச்சுட்டு வர்றியாமே? நீ திட்டாம இதுல ஏறவே பயமா இருக்கு" என்று சிரித்தார் டீச்சர்.

அண்ணன் சிரிக்கவில்லை. பேனாவை வாங்கினார். சட்டைப் பையில், கிழிந்த துணிக்குள்ளிருந்து போன் அடித்தது. மணி பதினொன்று. அடித்து ஓயும்வரை விட்டுவிட்டார்.

"ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு நேரம் யோசிப்பீங்க?" என்றார் செயலாளர்.

அண்ணன் பேனாவை மூடி அவரிடமே நீட்டினார். பிறகு காவலாளியின் மடக்கு நாற்காலியை இழுத்து வந்து, டீச்சருக்கும் லிஃப்டுக்கும் நடுவே, திறந்த வாசலை மறித்து விரித்துப் போட்டு, உட்கார்ந்தார்.