அயன் பண்ணிய ஐம்பது பவுண் நோட்டு

தனபாலன் முப்பத்தொரு வருஷம் கண்டியில் ஒரு ஹோட்டலின் லோண்டரியில் அயன் போட்டவர். ஓய்வுக்குப் பிறகு அவர் செய்த தொழிலுக்குப் பெயர் கிடையாது.

ஹோட்டல்களில் அறை கூட்டுகிறவர்களுக்கும் பெட்டி தூக்குகிறவர்களுக்கும் சுற்றுலாக்காரர்கள் யூரோச் சில்லறையைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வெளிநாட்டுச் சில்லறையை வங்கியும் எடுக்காது, காசு மாற்றும் கடையும் எடுக்காது. தனபாலன் எடுப்பார். ரூபா கொடுத்து வாங்கிச் சேர்ப்பார். ஊர் திரும்பும் பயணிகளைத் தேடிப் போய், இருபது யூரோவுக்கு நாணயம் கொடுத்து ஒரு இருபது யூரோ நோட்டு வாங்குவார். நோட்டை ஜவாஹிர் முதலாளியின் காசு மாற்றும் கடையில் ரூபாவாக்குவார். இடையில் ஏதோ கொஞ்சம் மிஞ்சும்.

சிலர் நோட்டும் கொடுத்து மாற்றித் தரச் சொல்வார்கள். ஜவாஹிர் நோட்டில் மடிப்பு இருந்தால் விலையைக் குறைப்பார். "கொழும்புல எடுக்க மாட்டாங்க அண்ணே, நான் என்ன செய்ய?" என்பார். ஆகவே தனபாலன் ஒவ்வொரு நோட்டையும் மெல்லிய துணி போட்டு அயன் பண்ணித்தான் கொண்டுபோவார். டொலர் நோட்டு பருத்தி. பருத்திக்கு உரிய சூடு வைப்பார். பத்து வருஷத்தில் ஒரு நோட்டும் கருகியதில்லை.

ஒக்டோபரில் ஒரு திங்கட்கிழமை மாலை ஜெயராணி ஒரு ஐம்பது பவுண் நோட்டுக் கொண்டுவந்தாள். ஏரிக்கு மேலே உள்ள ஹோட்டலில் அறை துப்புரவு செய்பவள். வீடு ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று. காய்ச்சலில் கிடந்த ஒரு ஆங்கிலேயக் கிழவியை இரண்டு நாள் பார்த்துக்கொண்டதற்குக் கிடைத்த நோட்டு. எட்டாக மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தாள்.

"கூரைத் தகரம் சொல்லி வச்சிருக்கேன் அண்ணே. நாளைக்குச் சாயங்காலம் காசு குடுக்காட்டி கடைக்காரன் வேற ஆளுக்குக் குடுத்துருவான். மழை உள்ளயே பெய்யுது."

"பத்தொன்பதாயிரம் வரும். நாலரை பஸ்ஸுக்கு வா, தர்றேன்."

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் அதை அயன் பண்ணினார். துணியைத் தூக்கிப் பார்த்தார். நோட்டு பாதியாகியிருந்தது. ஓரம் சுருண்டு, கல் மாதிரி இறுகி, அதில் இருந்த ராணி குழந்தையளவுக்கு வந்துவிட்டாள்.

மகள் நிரஞ்சனிக்குப் போன் எடுத்தார். அவள் பல்லேகலவில் பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் பொறுப்பு.

"அது பேப்பர் இல்லப்பா, பிளாஸ்டிக். இழுத்து வச்ச பிளாஸ்டிக். சூடு பட்டா பழைய அளவுக்குப் போயிடும்."

"திரும்ப இழுக்க ஏலாதா?"

"ஏலாது." மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "எவ்வளவு வேணும்? நான் போட்டு விடுறேன்."

"வேணாம். ஏங்கிட்டச் சில்லறை இருக்கு."

"ரோட்டுல நின்னு கை நீட்டுற மாதிரி இருக்குன்னு எத்தன தடவ சொல்லிட்டேன்..."

அவர் போனை வைத்துவிட்டார்.

சில்லறை போடும் டின்னில் அறுபத்து நான்கு யூரோ நாணயமாக இருந்தது. அறுபதை நோட்டாக்கினால் ஜெயராணிக்குச் சரிவரும். வழக்கமாக அதற்குப் பத்து நாள் ஆகும். அவரிடம் எட்டு மணிநேரம் இருந்தது. வெள்ளைச் சட்டைக்கு ஒருமுறை அயன் போட்டுக்கொண்டு கட்டுக்கலை வீட்டிலிருந்து நடந்தே டவுனுக்கு இறங்கினார்.

முதலில் ஜவாஹிர் கடை. ஜவாஹிர் நோட்டைக் கையில் வாங்கி, விளக்கில் பிடித்து, விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னா தனபாலண்ணே, நோட்டக் குட்டி போட வச்சிட்டீங்களா?"

"எடுப்பீங்களா மாட்டீங்களா மொதலாளி?"

"லண்டனுக்கு அனுப்பினா மாத்திக் குடுப்பானாம். நான் எங்க போய் அனுப்புறது? சட்டகம் போட்டு மாட்டி வைங்க."

ஏரிக்கரையில் சுற்றுலா பஸ்கள் நிற்கும் இடத்துக்குப் போனார். ஒரு இத்தாலியத் தம்பதி நின்றார்கள். ஒவ்வொரு நாணயத்தையும் கல்லில் தட்டிப் பார்த்துவிட்டுப் பத்து யூரோ மாற்றினார்கள். அடுத்து வந்தவர்கள் அவர் வாய் திறக்குமுன்பே கையை ஆட்டி விரட்டினார்கள். காவலாளி வந்து, "மஹத்தயா, இங்க நிக்க வேணாம்" என்றான். பக்கத்தில் தலதா மாளிகைக் கோயில் வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றுவதில் இருந்தார்கள். அவர் ஒரு பக்கம் நிற்பார், பத்து நிமிஷத்தில் மறுபக்கம் போவார், திரும்பி வருவார். மணிக்கூட்டை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்தார். பன்னிரண்டரை வரை அந்தப் பத்துதான்.

பேராதெனிய பஸ்ஸில் ஏறினார். உட்கார இடம் இருந்தும் நின்றார். பூங்கா வாசலில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு பெரிய ஜெர்மன் கூட்டம் மழைக்குக் கூரைக்குக் கீழே ஒதுங்கியிருந்தது. அவர்களுடைய கைடு யுகேஷ், தெரிந்தவன், வாய் சும்மா இருக்காது.

"ஆ, சென்ட்ரல் பேங்க் வந்தாச்சு! என்னண்ணே, மழையிலயும் தொறந்திருக்கு?"

"யுகேஷ், இவங்க எப்ப ஊருக்கு?"

"ராத்திரி ஃப்ளைட். ஏன், மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

தனபாலன் நோட்டை எடுத்துக் காட்டினார். அவனும் சிரித்தான். ஆனால் சிரித்தபடியே கூட்டத்துக்குத் திரும்பி ஜெர்மனில் ஏதோ சொன்னான். அவர்களும் சிரித்தார்கள். சுருங்கிய நோட்டு கைக்குக் கை போனது. தனபாலன் சட்டையில் நீர் சொட்ட, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு உயரமான பெண், விமான நிலையத்தில் தள்ளுவண்டி எடுக்க நாணயம் வேண்டும் என்று இருபது யூரோ நீட்டினாள். அவளைப் பார்த்து இன்னொருவர். நாற்பது சேர்ந்தது. மழை விட்டதும் கூட்டம் பஸ்ஸேறிவிட்டது.

காலையில் கிடைத்ததோடு ஐம்பது. இன்னும் பத்து வேண்டும். மணி மூன்றே கால்.

பஸ் பிடித்துக் கண்டிக்குத் திரும்பி ஜவாஹிர் கடைக்கு ஓடினால் கதவு பாதி சாத்தியிருந்தது. ஜவாஹிர் பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் போயிருந்தார். தனபாலன் படியில் உட்கார்ந்தார், எழுந்தார், தெருமுனை வரை போய்த் திரும்பினார். ஜவாஹிர் வர இருபத்தைந்து நிமிஷம் பிடித்தது. ஐம்பது யூரோவுக்குப் பதினையாயிரத்துத் தொள்ளாயிரம் எண்ணிக் கொடுத்தார். காஸ் சிலிண்டருக்கு என்று சட்டைப் பையில் வைத்திருந்ததிலிருந்து மூவாயிரத்து நூறை எடுத்துத் தனபாலன் அதோடு சேர்த்தார்.

ஹேவாஹெட்ட பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜெயராணி ஜன்னலோரம் உட்கார்ந்து கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணே போனீங்க? எனக்கு நெஞ்சே நின்னு போச்சு."

காசைக் கொடுத்தார். அவள் எண்ணி முடிக்கும் வரை காத்திருந்து, நோட்டையும் எடுத்துக் காட்டினார்.

"இது என்னது, பொம்மைக் காசா?"

"ஒன்னோடதுதான். அயன் பண்ணிட்டேன். இது பிளாஸ்டிக்னு எனக்குத் தெரியல."

அவள் நோட்டைப் பார்த்தாள், கையிலிருந்த ரூபாவைப் பார்த்தாள்.

"காசுதான் சரியா இருக்கே. பொறகு ஏன் காட்டுறீங்க?"

"யுகேஷ் பார்த்துட்டான். நாளைக்கு ஹோட்டல்ல எவனாவது சொல்லி, தனபாலன் நோட்ட மாத்தி வச்சிட்டான்னு நீ நெனைக்கக் கூடாது."

"அப்ப இந்தக் காசு யார் காசு?"

"என் காசு."

கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் தட்டினான். ஜெயராணி ரூபாவைச் சட்டைக்குள் வைத்தாள். பஸ் நகரத் தொடங்கியதும் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, ஜன்னல் வழியாக அவர் உள்ளங்கையில் ஏழு யூரோ நாணயத்தைக் கொட்டினாள்.

"இதுக்கு இந்தத் தடவை ரூபா கூடப் போட்டுத் தரணும், சொல்லிட்டேன்!"

"அடுத்த செவ்வாய்!" என்று பஸ்ஸோடு நாலு எட்டு ஓடிக் கத்தினார்.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போகவில்லை. மறுபடி ஏரிக்கரைக்குப் போய் இருட்டும் வரை நின்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஜெயராணிக்கு அந்த ஏழுக்குக் காசைக் கொடுத்தார், கொஞ்சம் கூடப் போட்டு. அவளிடம் புதிதாகப் பதினொரு யூரோ வாங்கி வந்தார்; அதற்குக் காசு அடுத்த செவ்வாய். ஞாயிறு விடியற்காலை நெஞ்சு வலி. பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை மகியாவ மயானத்தில் தகனம். நிரஞ்சனி தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்தாள். ஜெயராணியின் நம்பர் அவளிடம் இல்லை. அப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, அவர் வருவார் என்று நின்று நாலரை பஸ்ஸை ஜெயராணி விட்டுவிட்டாள். அடுத்ததையும் விட்டாள். மூன்றாவது பஸ் கடைசி பஸ் என்று கண்டக்டர் சொன்ன பிறகுதான் ஏறினாள்.