பிழை மட்டும் தெரிந்த கண்கள்

விருதுநகர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சேர்ந்தபோது எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது. தமிழ் வழியில் படித்தவள் என்றாலும், திருத்தங்கல்லில் எங்கள் தெருவுக்குப் பக்கத்து அச்சகத்தில் விடுமுறை தோறும் புரூஃப் பார்த்தவள் நான். பட்டாசுப் பெட்டி லேபிள், டைரி, காலண்டர் என்று ஊர்ப்பட்ட ஆங்கிலம் என் கண்ணைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போனது. ‘கெலைடாஸ்கோப்’, ‘மேக்னிஃபிசென்ட்’ எல்லாவற்றுக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஸ்பெல்லிங் சொல்வேன். அர்த்தம் கேட்டால் முழிப்பேன். அவை வெடிகளின் பெயர்கள் என்றே நினைத்திருந்தேன்.

அச்சகத்தில் பழக்கிய முறை அப்படி. வரியின் கடைசிச் சொல்லில் தொடங்கி முதல் சொல்லுக்குப் பின்னோக்கி வர வேண்டும். அர்த்தம் பார்த்துப் படித்தால், கண் தானாகவே பிழையைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிடும். லோடு போன பிறகு ஆர்டர் கொடுத்தவர் வந்து குதிப்பார். அதனால் அர்த்தத்தின் பக்கமே தலைவைக்காமல் எழுத்து எழுத்தாகப் பார்த்துப் பழகியிருந்தேன்.

முதல் செமஸ்டரில் ஆசிரியை ஒரு கதையை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார். நாங்கள் படித்து முடித்ததும் என்னை எழுப்பி, கதை எதைப் பற்றியது என்று கேட்டார்.

“மூணாவது வரியில ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கு மிஸ்” என்றேன்.

வகுப்பே சிரித்தது. ஆசிரியையும் சிரித்துவிட்டு, “சரி, திருத்திக்கலாம். கதை என்னம்மா?” என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சிரித்தவர்கள் மேல் வந்த கோபத்தைவிட என் கண்கள் மேல் வந்த கோபம் அதிகம். அந்த செமஸ்டரில், முன்பின் பார்க்காத ஒரு பகுதியைப் படித்து எழுதும் வாசிப்புத் தாள் மட்டும் அரியர் விழுந்தது.

பட்டாசு கம்பெனியிலிருந்து திரும்பிய அம்மா, கையைக்கூடக் கழுவாமல் விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். “அம்புட்டு தூரம் பஸ்ல போயிட்டு வந்து ஏன் தாயி சீரழியுற? அடுத்த தடவையும் போச்சுன்னா பேசாம அச்சாபீசுக்கே போயிரு. அங்கன உன்னைய நல்ல வேலைக்காரின்னுதான சொல்லுறாக” என்றாள். அதட்டிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். பாவப்பட்டுச் சொன்னதால் பயந்துபோனேன்.

என்னைக் காப்பாற்றியது என் வகுப்புத் தோழியின் வாந்தி. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பாவுக்குச் சிவகாசியில் துணிக்கடை. அங்கேயே பஸ் ஏறி எனக்கும் இடம் பிடித்து வைத்திருப்பாள். பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தாலே அவளுக்குக் குமட்டும். ஆனால் கதை மட்டும் வேண்டும்.

“நீ படிச்சுட்டு எனக்குச் சொல்லு. தமிழ்லயே சொல்லு” என்று உத்தரவு போட்டாள்.

ஆடுகிற பஸ்ஸில் எழுத்து எழுத்தாகப் பார்க்க முடியவில்லை. எழுத்துகள் குதித்தன. அவளுக்கோ பொறுமை கிடையாது. “ஏய், ஆமத்தூரே வந்துருச்சு, இன்னும் மொதப் பக்கமா?” என்பாள். வேறு வழியில்லாமல் வரிகளை மொத்தமாக விழுங்க ஆரம்பித்தேன். தெரியாத சொல் வந்தால் அகராதியை எடுக்கப் பைக்குள் கைவிடுவேன். “அது கெடக்கு. அடுத்து என்னாச்சுன்னு சொல்லு” என்று கையைப் பிடித்து இழுப்பாள்.

அடுத்த வரிக்குப் போனால் முந்தின சொல்லின் அர்த்தம் அங்கே உட்கார்ந்திருந்தது. ‘ரிலக்டன்ட்’ என்ற சொல் அப்படிக் கிடைத்தது. கதையில் ஒருத்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போக மனமில்லாமல், வாசலிலேயே நின்றாள். திங்கட்கிழமை காலையில் கம்பெனி வண்டியில் ஏறும் என் அம்மாவின் முகம்தான் அது. பிறகு அந்தச் சொல்லை நான் மறக்கவே இல்லை. சில மாதங்களில், கதை சூடு பிடிக்கும்போது விருதுநகர் வந்துவிடுகிறதே என்று அவள் சலித்துக்கொள்ளத் தொடங்கினாள்.

அரியர் பரீட்சையில் பாஸானதும் அம்மா மூச்சு விட்டாள். எனக்கு அந்த நிம்மதி பரீட்சை ஹாலிலேயே வந்துவிட்டது. வினாத்தாளில், மனைவியை இழந்த ஒருவன் தன் சின்ன மகளுக்குச் சடை பின்னப் பழகுவதைப் பற்றிய பகுதி வந்திருந்தது. சடை கோணலாக வருகிறது. பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். ஒரு தோழி அவிழ்த்துச் சரியாகப் பின்னிவிட வருகிறாள். அந்தக் குழந்தை இரண்டு கையாலும் சடையைப் பொத்திக்கொண்டு, தொடவிட மாட்டேன் என்கிறாள்.

நான் அழுதுவிட்டேன். சத்தம் வராமல் இருக்கத் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டேன். கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“என்னம்மா, கஷ்டமா இருக்கா? பதறாதீங்க, தெரிஞ்ச வரைக்கும் எழுதுங்க” என்றார்.

“இல்ல சார். எல்லாம் புரியுது” என்றேன். அப்படிச் சொன்னதும் அழுகை இன்னும் கூடியது.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியே போய் முகம் கழுவிவிட்டு வரச் சொன்னார். நான் எழுந்திருக்கவில்லை. அந்தக் குழந்தை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சடை எப்படி இருந்தது என்று கேட்ட அப்பாவிடம் என்ன சொன்னாள் என்று இன்னும் படிக்க வேண்டியிருந்தது.